மாயாவியோட கை மட்டும் ஏன் மறையல?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியும் திருத்தியும் தந்திருக்கிறோம்.)

மதுரை கே.கே. நகர்ல, எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசுறேன். பின்னாடி ஃபேன் சத்தம் கேட்கும், பொறுத்துக்கோங்க. இந்த வெயில்ல அதை ஆஃப் பண்ணிட்டுப் பேச என்னால முடியாது.

போன எபிசோடுல நான் ஒரு தப்பு பண்ணேன். இந்த எபிசோடு அதைத் திருத்தத்தான்.

மார்வெல் படங்களுக்கு ஏன் பழைய மவுசு இல்லைன்னு பேசிட்டு இருந்தப்போ, போற போக்குல ஒண்ணு சொன்னேன்: "நமக்குன்னு ஒரு சூப்பர்ஹீரோ மரபே கிடையாது. நாம டப்பிங் பார்த்து வளர்ந்த கூட்டம்." சொல்லும்போது பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு மாமா போன் பண்ணார். அம்மாவோட அண்ணன், ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு.

"நல்லாத்தான் பேசுற மாப்ள. அந்தப் பெட்டியில இருந்ததை இன்னைக்குக் காலையில பழைய பேப்பர் கடையில போட்டுட்டேன். வீட்டுல அதைப் படிக்கிற ஒரே ஆளு நீதான். நீயே ஒண்ணும் இல்லைன்னு சொன்னதுக்கப்புறம் அதை வச்சு நான் என்ன செய்ய?"

எந்தப் பெட்டின்னு அவர் சொல்ல வேண்டியதே இல்லை. பரண் மேல இருந்த டிரங்குப் பெட்டி. சின்ன வயசுல லீவு விட்டா நேரா அங்கதான் போவேன். கை கழுவிட்டு வந்து காட்டினாத்தான் திறக்கவே விடுவார். உள்ள முழுக்க முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ். வண்டியை எடுத்துட்டுக் கடைக்கு ஓடினேன். பாதி ஏற்கெனவே கட்டு கட்டி ஏத்தி அனுப்பியாச்சு. மிச்சம் இருந்ததை எடை போட்டே திருப்பி வாங்கிட்டு வந்தேன். முப்பத்தோரு புத்தகம். எல்லாத்துக்கும் மேல இருந்தது ஒரு இரும்புக்கை மாயாவி.

அன்னைக்கு ராத்திரியே படிச்சு முடிச்சேன். சின்ன வயசுல தோணாத ஒரு கேள்வி அப்போ வந்துச்சு. ஆளு மொத்தமா மறைஞ்சு போறான். அந்தக் கை மட்டும் ஏன் மறைய மாட்டேங்குது?

இன்னைக்குப் பேசப் போறது அதைப் பத்தித்தான்.

யார் இந்த மாயாவி?

உங்கள்ல பல பேருக்கு இந்தப் பேரு லோகேஷ் கனகராஜ் பேட்டிகள் வழியாத் தெரிஞ்சிருக்கும். எடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசைன்னு அவர் சொல்லிட்டு வர்ற படத்தோட தலைப்பு 'இரும்புக்கை மாயாவி'. ஆனா அந்தப் பேரு 1972-லயே நம்ம பக்கத்து ஊர்ல அச்சாகி வந்துருச்சு.

மாயாவியோட சொந்தப் பேரு லூயி கிராண்டேல். ஆளு பிரிட்டிஷ்காரன். 'வேலியண்ட்'னு ஒரு பிரிட்டிஷ் வாரப் பத்திரிகை 1962 அக்டோபர்ல தொடங்குச்சு. அதோட முதல் இதழ்லயே 'தி ஸ்டீல் கிளா' தொடரும் ஆரம்பம். கதை எழுதினவர் கென் பல்மர். வரைஞ்சவர் ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ.

கதை இதுதான். கிராண்டேல் ஒரு விஞ்ஞானியோட ஆய்வுக்கூடத்துல உதவியாளர். விபத்துல வலது கை போயிடுது. அந்த இடத்துல இரும்புக்கை பொருத்துறாங்க. அடுத்து இன்னொரு விபத்து. உயர் அழுத்த மின்சாரம் உடம்புல பாய்ஞ்சதும் ஆளு மறைஞ்சு போறான், இரும்புக்கை மட்டும் அந்தரத்துல தெரியுது. கொஞ்ச நேரம் போனா உடம்பு மறுபடியும் தெரிய ஆரம்பிச்சிடும். திரும்ப மறையணும்னா திரும்ப ஷாக் அடிச்சாகணும்.

இதை வச்சு அவன் முதல்ல என்ன செஞ்சான் தெரியுமா? கொள்ளையடிச்சான். நம்ம மாயாவி தொடங்கும்போது வில்லன். நல்லவனா மாறினதும், ரகசிய உளவாளியா வேலை பார்த்ததும், விரல்களுக்குள்ள ஆயுதம் வந்ததும் எல்லாம் பின்னாடிதான்.

ஒரு ஒப்பீடு சொல்றேன். ஸ்பைடர்மேன் முதல் முதலா வந்த 'அமேஸிங் ஃபேண்டஸி' 15-வது இதழ்ல போட்டிருக்கிற மாசம் 1962 ஆகஸ்ட். மாயாவிக்கும் அவருக்கும் ரெண்டு மாசம்தான் வித்தியாசம். ரெண்டு பேருக்கும் விஞ்ஞானத்தால வந்த விபத்துலதான் சக்தி கிடைக்குது. பீட்டர் பார்க்கரும் முதல்ல அந்தச் சக்தியைக் காசு பண்ணத்தான் பார்க்கிறான். அவனைத் திருத்துறது அவனோட பெரியப்பா சாவு. கிராண்டேலுக்கு அப்படித் திருத்த ஒரு பெரியப்பா இல்லை. அவன்கிட்ட இருந்தது அந்தக் கை மட்டும்தான்.

லண்டன் டூ சிவகாசி

மதுரையில இருந்து திருமங்கலம், விருதுநகர் வழியா சுமார் 70 கிலோமீட்டர் போனா சிவகாசி. பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர்னு நமக்குத் தெரிஞ்ச அதே சிவகாசிதான். அங்க சௌந்தரபாண்டியன் என்பவர் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. 1984 ஜூலையில் அவரோட மகன் விஜயன், இருபது வயசுகூட ஆகாதப்போ, லயன் காமிக்ஸை ஆரம்பிச்சார். அதோட முதல் புத்தகத்துக்கு ஹீரோ ஒரு பொண்ணு, மாடஸ்டி பிளைசி. தலைப்பு 'கத்தி முனையில் மாடஸ்டி'.

சரி, அமெரிக்க ஹீரோக்களை விட்டுட்டு பிரிட்டிஷ் ஆளுங்க ஏன் இங்க இவ்வளவு ஆழமா வேரூன்றினாங்க? எனக்குப் படுற காரணம் ரெண்டு.

ஒண்ணு அச்சு. அமெரிக்கக் காமிக்ஸ் கலரை நம்பி வரைஞ்சது. சூப்பர்மேன்கிட்ட இருந்து சிவப்பையும் நீலத்தையும் எடுத்துட்டா பாதி ஆளு காணாமப் போயிடுவார். பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகள்ல பெரும்பாலான பக்கங்கள் கறுப்பு வெள்ளை. பிளாஸ்கோவோட ஓவியமே நிழலும் வெளிச்சமும்தான். அதை ஒரே மையில, சாதாத் தாள்ல அடிச்சாலும் அழகு குறையாது. நாலணா எட்டணா சேர்த்து வச்சு வாங்குற பசங்களுக்கு அப்படித்தான் ஒரு புத்தகத்தைக் கொடுக்க முடியும்.

ரெண்டாவது, கதையோட வேகம். அங்க வாரத்துக்கு ரெண்டு மூணு பக்கம்தான் வரும். அடுத்த வாரமும் பையன் காசு கொடுத்து வாங்கணும்ல, அதனால ஒவ்வொரு வாரக் கடைசியிலயும் ஹீரோவை ஆபத்துல மாட்டிவிட்டு நிறுத்துவாங்க. சிவகாசியில அந்த வாரங்களை எல்லாம் கோர்த்து ஒரே புத்தகமாப் போட்டப்போ, மூணு பக்கத்துக்கு ஒரு தடவை உயிருக்கு ஆபத்து. இன்டர்வெல் பிளாக் மட்டுமே இருக்கிற ஒரு படம் மாதிரி! கீழ வைக்க முடியுமா?

இதுல இன்னொரு சுவாரஸ்யம் இருக்கு. தமிழ் லயன்ல பெரிய ஹிட் ஆனது ஸ்பைடர். மார்வெல் ஸ்பைடர்மேன் இல்லை, இது வேற ஆளு. காது கூர்மையா, கறுப்பு உடையில, உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாகணும்னு கிளம்பின திமிர் பிடிச்ச ஒருத்தன். பிரிட்டன்ல 1965-ல் தொடங்கின அந்தத் தொடரோட பெரும்பகுதியை எழுதினவர் ஜெர்ரி சீகல். யாருன்னு தெரியுதா? 1938-ல் ஜோ ஷஸ்டரோட சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கினவர். அந்த உரிமையை ரெண்டு பேரும் 130 டாலருக்குக் கொடுத்துட்டு, அப்புறம் வருஷக்கணக்கா வழக்கு நடத்தினாங்க. உலகத்தோட முதல் பெரிய சூப்பர்ஹீரோவை எழுதின கை, பின்னாடி கூலிக்கு எழுதின கதை ஒண்ணு சிவகாசி வழியா எங்க மாமா பெட்டிக்கு வந்து சேர்ந்திருக்கு. இதைத்தான் நான் "மரபே கிடையாது"ன்னு சொல்லியிருக்கேன்.

கையும் மறைஞ்சிருந்தா?

இப்போ கேள்விக்கு வருவோம். கிராண்டேலோட கையும் சேர்ந்து மறையுதுன்னு வச்சுக்கோங்க. கதை என்ன ஆகும்? பத்துப் பக்கத்துல முடிஞ்சிடும். யாராலயும் பிடிக்க முடியாது, யாராலயும் எதிர்க்க முடியாது. படிக்கிறவனுக்குப் பயமே இருக்காது.

அந்தக் கை தெரியிறதால மூணு விஷயம் நடக்குது.

முதல்ல, படம் வரைய முடியுது. கண்ணுக்குத் தெரியாத ஆளை எப்படி வரைவீங்க? அந்தரத்துல ஒரு இரும்புக்கை கதவைத் திறக்குது, துப்பாக்கியைப் பிடுங்குது. இதைப் பார்த்ததும் மறக்கவே முடியாது.

ரெண்டாவது, சக்திக்கு ஒரு விலை வந்துடுது. மறையணும்னா மின்சாரத்தைத் தொடணும். ஒவ்வொரு தடவையும் வலிக்கும். மாமா சொல்வார், சின்ன வயசுல அவரும் பிளக் பாயிண்ட்ல விரலை விடப் போயிருக்கார், ஆச்சி பார்த்துட்டு விளக்கமாத்தால வெளுத்துருச்சாம்.

மூணாவதுதான் முக்கியம். அவன் செய்றது யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சிடுது. முகத்தை மறைக்கலாம், உடம்பை மறைக்கலாம், செஞ்ச கையை மறைக்க முடியாது. நல்லது செஞ்சாலும் அந்தக் கைதான், திருடினாலும் அந்தக் கைதான். பொறுப்பைப் பத்தி அவனுக்கு யாரும் அட்வைஸ் பண்ண வேண்டியதில்லை. பொறுப்பு அவன் மணிக்கட்டுலயே மாட்டியிருக்கு.

எனக்குத் தெரிஞ்சு நல்ல சூப்பர்ஹீரோ கதை எல்லாத்துக்கும் அடியில இந்த ஒரு விதி இருக்கு. என்ன சக்தி கிடைச்சதுங்கிறதை விட, அதுக்கு அவன் என்ன கொடுத்தான், எதை மறைக்க முடியாமத் தவிச்சான்ங்கிறதுதான் கதை.

மதுரைக்கு இந்தக் கை புதுசா?

மறைக்க முடியாத உலோகக் கை. நம்ம ஊர்ல ஒரு ராஜாவுக்கு அது இருந்துச்சே! ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்கா? பொற்கைப் பாண்டியன்.

சிலப்பதிகாரத்துல கட்டுரை காதையில இந்தக் கதை சுருக்கமா வருது. வாய்வழியா நமக்குச் சொன்ன விரிவு இப்படி. கீரந்தைன்னு ஒருத்தர் வெளியூர் கிளம்புறார். தனியா இருக்கிற மனைவிக்கு அரசனோட காவல் இருக்குன்னு தைரியம் சொல்லிட்டுப் போறார். அதைக் கேட்ட பாண்டியன் தினமும் ராத்திரி மாறுவேஷத்துல வந்து அந்த வீட்டைக் காவல் காக்கிறான். ஒரு நாள் உள்ள ஆண் குரல் கேட்குது. சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டுறான். அப்புறம்தான் தெரியுது, கீரந்தையே ஊருக்குத் திரும்பி வந்துட்டார். இந்த ஒரு வீட்டுக் கதவை மட்டும் யாரோ தட்டினான்னா அந்தப் பெண் மேல சந்தேகம் வரும்ல? அதனால தெருவுல இருந்த எல்லாக் கதவையும் தட்டிட்டு ஓடிடுறான். மறுநாள் ஊரே வந்து முறையிடுது. தட்டினவனுக்கு என்ன தண்டனைன்னு கேட்டா, கையை வெட்டணும்ங்கிறாங்க. தட்டினது நான்தான்னு சொல்லி, தன் கையைத் தானே வெட்டிக்கிறான். அந்த இடத்துல பொன்னால் ஒரு கை.

மாறுவேஷம் இருக்கு. ராத்திரி ரோந்து இருக்கு. ஊருக்குத் தெரியாத இன்னொரு முகம் இருக்கு. கோதம் நகரத்து பேட்மேன் செய்ற வேலைதான். ஒரு வித்தியாசம். ரோந்து போன இடத்துல தப்பு நடந்தப்போ, பாண்டியன் மாறுவேஷத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கல. அதுக்கப்புறம் அவன் எந்த வேஷம் போட்டாலும் அந்தப் பொன் கை காட்டிக் கொடுத்துடும்.

இந்தக் கதையை யாரு யாருகிட்ட சொல்றாங்கன்னு கவனிங்க. மதுராபதி தெய்வம் கண்ணகிகிட்ட சொல்லுது. இன்னொரு பாண்டியன் தப்பாத் தீர்ப்பு சொன்னதால எரியிற மதுரையில நின்னு சொல்லுது. அதிகாரம் தப்புப் பண்ணும், பண்ணினா விலை கொடுக்கணும்ங்கிற கதை இந்த ஊருக்குப் பழக்கப்பட்டது. மீனாட்சியம்மன் கோவில் கிழக்கு வாசல்கிட்ட இருக்கிற மதுரை வீரனைப் பாருங்க. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன், இன்னைக்கு அந்த வாசலுக்குக் காவல்.

இதெல்லாம் காமிக்ஸுக்கு முன்னோடின்னு நான் சொல்ல வரல. கிராண்டேலை உருவாக்கினவங்களுக்கு பொற்கைப் பாண்டியனைத் தெரிஞ்சிருக்க எந்தக் காரணமும் இல்லை. நான் சொல்றது படிச்சவங்களைப் பத்தி. லண்டன்ல இருந்து வந்த ஒரு கையை இங்க இருந்த பசங்க அந்நியமா நினைக்காததுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்த மாதிரிக் கைகளை அவய்ங்க ஏற்கெனவே பார்த்திருந்தாய்ங்க.

அப்போ படம் ஏன் செட் ஆகல?

போன எபிசோடுக்கு ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். "அண்ணே, அவ்வளவு இருந்தா 'முகமூடி' ஏன்ணே ஓடல?"

நியாயமான கேள்வி. மிஷ்கின் எடுத்து, ஜீவா நடிச்சு 2012-ல் வந்த படம் 'முகமூடி'. குங்ஃபூ சண்டைகள் நல்லா இருக்கும், சில ஃபிரேம் காமிக்ஸ் கட்டம் மாதிரியே இருக்கும். ஆனா நம்ம சினிமா விக்கிறது நட்சத்திரத்தோட முகத்தை. சூப்பர்ஹீரோ உடை செய்ற முதல் வேலை அந்த முகத்தை மூடுறது. மூடினா அதுக்குப் பதிலா வேற ஏதாவது கொடுக்கணும். அந்த முகமூடிக்கு உள்ள இருக்கிறவன் எதை இழந்தான்ங்கிறது எனக்கு வலிக்கிற அளவுக்கு வரல. என் கருத்துதான், அந்தப் படத்துக்கு உயிரைக் கொடுக்கிற ரசிகர்கள் இருக்காங்க, சண்டைக்கு வராதீங்க.

இப்போ 2021 டிசம்பர்ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி'. ஒரே மின்னல் ஒரே ஊர்ல ரெண்டு பேரைத் தாக்குது. ஒருத்தன் தையல்காரன் ஜெய்சன். இன்னொருத்தன் டீக்கடையில வேலை பார்க்கிற ஷிபு. ஊரே கிறுக்கன்னு ஒதுக்கின ஷிபுவா நடிச்சவர் நம்ம மதுரைக்காரர் குரு சோமசுந்தரம். படம் முடிஞ்சு எனக்கு மனசுல நின்னது ஷிபுதான். சக்தி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். கொடுத்த விலைதான் வேற.

அடுத்து 2023-ல் 'மாவீரன்'. மடோன் அஸ்வின் இயக்கம். சிவகார்த்திகேயன் பத்திரிகைக்குக் காமிக்ஸ் வரையிற ஆளு, பயந்தாங்கொள்ளி. குடிசையில இருந்து கிளப்பி, தொட்டா உதிர்ற அடுக்குமாடியில கொண்டு போய்க் குடியேத்தியிருக்காங்க. திடீர்னு அவன் காதுல மட்டும் ஒரு குரல் கேட்குது. அவனோட கதையை அவனுக்கே சொல்ற குரல். சக்தின்னு பார்த்தா அவ்வளவுதான். அந்தக் குரல் அவனைக் காப்பாத்தும், அதே நேரம் அவன் ஓடி ஒளிய நினைக்கிற சண்டைக்குள்ளயே இழுத்தும் விடும். வேணாம்னு சொன்னாலும் விடாது. மாயாவியோட கை மாதிரி, கழட்டி வைக்க முடியாத சக்தி. முகமூடியும் இல்லை. வில்லன் யாரு? 'முகமூடி' எடுத்த அதே மிஷ்கின்!

அந்தக் குரல் விஜய் சேதுபதியோடது. 2019-ல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழ்ல வந்தப்போ அயர்ன்மேனுக்குக் குரல் கொடுத்ததும் அவர்தான். ரசிகர்கள் கடுப்பானது ஞாபகம் இருக்கும். பழகின டப்பிங் குரலை மாத்திட்டாங்கன்னு சமூக வலைதளத்துல ஒரே புலம்பல். அதே குரல் 'மாவீரன்'ல வந்தப்போ யாருக்கும் உறுத்தல. அங்க டோனி ஸ்டார்க் மேல தெரிஞ்ச ஒரு குரலை ஒட்ட வச்சாங்க. இங்க கதையே அந்தக் குரலைச் சுத்தி எழுதினது.

2025-ல் வந்த 'லோகா' படத்தையும் சேர்த்துக்கோங்க. கல்யாணி பிரியதர்ஷன் நடிச்ச சந்திரா யாருன்னா, கேரளத்துல பாட்டிங்க சொல்ற கள்ளியங்காட்டு நீலி. வயசே ஆகாத சக்தி. அதோட விலை, எந்த ஊரையும் சொந்தம்னு சொல்லிக்க முடியாத தனிமை. ஊர்க் கதையில இருந்து ஹீரோ எடுத்தா ஜனங்க வருவாங்கன்னு பக்கத்து மாநிலம் காட்டிருச்சு.

ஒரு விஷயம் சொல்லாம முடிச்சா அது நேர்மையா இருக்காது. பெட்டியில இருந்து வந்த முப்பத்தோரு புத்தகமும் பொக்கிஷம்னு நான் சொல்லல. திரும்பப் படிக்கும்போது சில கதைகள்ல ஆப்பிரிக்கர்களையும் ஆசியர்களையும் காட்டுற விதம் நெருடுது. பெண்கள் பெரும்பாலும் காப்பாத்தப்படத்தான் வர்றாங்க. மாடஸ்டி மாதிரி ஒருத்தி விதிவிலக்கு. அன்பு இருக்கிற இடத்துலதான் இதையும் பேசணும்.

மாமாகிட்ட போனப்போ

முப்பத்தோரு புத்தகத்தையும் துடைச்சு, அட்டை போட்டு, மாமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. மேல இருந்த மாயாவியை எடுத்து நாலு பக்கம் புரட்டினார். "இந்த இடத்துல இவன் திருடன்டா. படிக்கிற நமக்கு இவன் மாட்டிக்கவும் கூடாது, தப்பிக்கவும் கூடாதுன்னு இருக்கும்"னார். நான் இவ்வளவு நேரம் பேசினதை அவர் ஒரே வரியில முடிச்சிட்டார்.

அப்புறம் என் கையைப் பார்த்து, "கழுவிட்டு வந்தியா?"ன்னார்.

போன பாதி போனதுதான், இனி திரும்பாது. ஆனா சிவகாசியில இருந்து முத்துவும் லயனும் இன்னைக்கும் வந்துட்டு இருக்கு. டெக்ஸ் வில்லர், லக்கி லூக் எல்லாம் இப்போ கலர்லயே கிடைக்குது. ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்துல வாசகர்கள் எங்கெங்கிருந்தோ கிளம்பி வந்து கூடுறாங்க. அவங்கள்ல பாதிப் பேரு தலை நரைச்ச பசங்க.

உங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பெட்டி இருக்கலாம். அப்பாவோடதா, சித்தப்பாவோடதா, யாரோடதுன்னு கேளுங்க. பேப்பர் கடை தராசுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாருங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறேன்.

கை கழுவிட்டுத் திறங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.